காலியில் கடகட, நியூட்ரலில் கிலுகிலு: பழைய பிக்கப்பில் சத்தம் பிடிப்பது

கேள்வி இது. 2010 மாடல் டீசல் பிக்கப். விடியற்காலை ஓசூரிலிருந்து பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூவும் காய்கறியும் ஏற்றி வருகிறது, திரும்பும்போது காலி. லோடு இருந்தால் சத்தம் அவ்வளவாக இல்லை. காலியாக ஹம்ப் ஏறி இறங்கினால் பின்னால் கடகட என்கிறது. சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போதும் அடியில் ஒரு கிலுகிலு. பின் ஷாக் (ஷாக் அப்சார்பர்) இரண்டையும் மாற்றியும் போகவில்லை. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு தனித்தனி சத்தங்கள் இருக்கின்றன. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது வருவது ஒன்று, சக்கரம் பள்ளத்தில் விழும்போது வருவது இன்னொன்று. இரண்டையும் ஒரே வியாதி என்று எடுத்துக்கொண்டதால்தான் ஷாக் மாற்றியும் தீரவில்லை. கிளட்ச் மாற்றினாலும் ஹம்ப் சத்தம் அப்படியேதான் இருக்கும்.

பிக்கப்பில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை நம்பித் தேடினால் ஏமாந்துபோவோம். சேஸிஸ் முழுக்க இரும்பு. பின் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்கில்) விழும் தட்டு அதன் வழியாக முன்னால் வந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் கேட்கும். எங்கே என்பதை விட்டுவிட்டு எப்போது என்று கேளுங்கள். எஞ்சின் வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா? கிளட்ச் மிதித்தால் நிற்கிறதா? வண்டி உருளும்போது மட்டும்தானா? பிரேக்கை லேசாகத் தொட்டால் மாறுகிறதா? லோடு ஏற்றினால் குறைகிறதா, கூடுகிறதா? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நின்று கேட்டுப் பலனில்லை, ஊர் வண்டி எல்லாம் சேர்ந்து கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மசந்திரா மாதிரி ஒரு இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குப் போங்கள். நீளமான காம்பவுண்டு சுவர் ஓரமாக, அந்தப் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். அடியில் வரும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்தப் பக்கத்து வேலையா, மறுபக்கத்து வேலையா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். திரும்பி வரும்போது மறு கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். ஒரே ஹம்ப்பில் ஒரே வேகத்தில் மூன்று நான்கு தடவை ஏறி இறங்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் கேபினைக் காலி செய்யுங்கள். சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஜாக்கி, அதன் கைப்பிடி, ஸ்பானர் மூட்டை, வாட்டர் பாட்டில் எல்லாம் வெளியே வரட்டும். பேட்டரி கிளாம்ப்பை அசைத்துப் பாருங்கள். ஸ்டெப்னியை அதன் கேரியரில் இறுக்குங்கள். வீல் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். அது லூசாக இருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்கக் கூடாது. அடுத்து பின் டோர். காலி வண்டியில் கடகட என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். கீலில் பின் (இரும்பு ஆணி) போகும் ஓட்டை நாளாக ஆக முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். பக்கக் கொக்கியும் தேய்ந்து ஆடும். உள்ளே காய்கறி மூட்டை சாய்ந்திருக்கும்போது கதவு இறுகி நிற்கும், சத்தம் வராது. காலியானதும் தாளம் போட ஆரம்பிக்கும். பழைய டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, கொக்கிக்கும் பலகைக்கும் நடுவில் இழுத்துக் கட்டி அதே ஹம்ப்பில் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால், கீலில் ஒரு புஷ் (ஓட்டைக்குள் போடும் குழல்) அடித்துப் புதுப் பின் போட்டால் முடிந்தது. போகாவிட்டால் கீழே இறங்கலாம்.

சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் அந்த வேலையை காரேஜில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டையைப் பார்க்க ஜாக்கியே தேவையில்லை; சக்கரம் தரையில் இருந்தால் போதும்.

லோடில் அடங்கி, காலியில் கத்துவதற்குக் காரணம் பட்டையின் அமைப்பிலேயே இருக்கிறது. பிக்கப்பின் பின் பட்டை ஒரு டன் அளவுக்கு எடை தாங்கச் செய்தது. காலியில் அது வளையவே வளையாது. கீழே இருக்கும் ஹெல்பர் பட்டையின் முனைகள் எதையும் தொடாமல் சும்மா நிற்கும். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளில் தேய்மானத்தால் வந்த இடைவெளியும் எடை இல்லாததால் திறந்தே இருக்கும். ஹம்ப்பில் சக்கரம் மேலே எழும்பும்போது இதெல்லாம் ஒன்றோடொன்று இடிக்கும். எடை ஏறியதும் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுந்திவிடும், சத்தம் அடங்கும். லோடில்தான் சத்தம் கூடுகிறது என்று நீங்கள் சொல்லியிருந்தால் வேறு கதை: உடைந்த பட்டை, பிய்ந்துபோன பம்ப் ஸ்டாப், எங்கோ உரசும் ஷாஃப்ட் என்று தேடவேண்டியிருக்கும்.

டார்ச்சோடு பட்டையின் பின்முனையில் ஷேக்கிளைப் பாருங்கள். பழைய வண்டியில் எல்லா இரும்பும் மண்ணும் கிரீஸும் படிந்து மங்கலாகத்தான் இருக்கும். அதற்கு நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு இடம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னினால், இரும்பும் இரும்பும் அங்கேதான் உரசுகின்றன. பக்கத்தில் செங்கல் நிறத்தில் நைசான தூள் படிந்திருந்தால் அது உரசி வந்த துரு. இந்தப் பளபளப்பும் செந்தூளும்தான் சாட்சி. கேட்ட சத்தத்தை விட இவற்றை நம்பலாம். இரண்டடி கடப்பாரையை ஷேக்கிளுக்கும் பட்டைக் கண்ணுக்கும் நடுவில் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் புஷ் என்றால் ரப்பர் லேசாக அமுங்கவேண்டும், டக்கென்று இரும்பு இடிக்கக் கூடாது. பித்தளை புஷ் வைத்து கிரீஸ் நிப்பிள் உள்ள வகை என்றால், கிரீஸ் கன்னால் அடித்து இரண்டு முனையிலும் பழைய கிரீஸ் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பின்னின் துளை அடைத்திருக்கிறது. மேலும் மேலும் பம்ப் செய்து பயனில்லை. பின்னைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்யவேண்டும்.

பட்டையின் நடுவில் அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட், ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட், இரண்டையும் கவனியுங்கள். யூ போல்ட் தளர்ந்தால் முழுப் பளுவும் சென்டர் போல்ட்டின் மேல் விழும். ஒரு நாள் அது வெட்டுப்பட்டுவிடும், ஆக்சில் இடம் மாறும். இதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆக்சில் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுக்கைச் சுற்றி இருக்கும் கிளிப்பின் ரிவெட் தளர்ந்தாலும் கிணுகிணு என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். பட்டை முனைகளுக்கு நடுவில் ரப்பர் அல்லது நைலான் பேட் வைத்த மாடல் என்றால், அது தேய்ந்து விழுந்துவிட்டதா என்று பாருங்கள். ஒவ்வொரு பட்டையையும் விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். விரிசல் பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில்தான் விழும். யூ போல்ட் பிளேட் அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

பட்டையில் கழிவு ஆயில் ஊற்றச் சொல்வார்கள். ஒரு வாரம் சத்தம் அடங்கும், உண்மைதான். பிறகு அந்த ஆயிலில் ஓசூர் ரோட்டுத் தூசு ஒட்டி உப்புத்தாள் மாதிரி பட்டையைத் தின்னும். பக்கத்து ரப்பர் புஷ் ஊறி உப்பிக் கெட்டுப்போகும். எனக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை.

புதிதாகப் போட்ட ஷாக்கையும் விட்டுவைக்காதீர்கள். புது ஷாக்கே சத்தம் போட மூன்று காரணங்கள் உண்டு. கடையில் படுக்கவைத்திருந்த ட்வின் டியூப் ஷாக்கின் உள் குழாயில் காற்று புகுந்திருக்கும். மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து, முழுவதும் இழுத்து அமுக்கி நாலைந்து தடவை செய்து காற்றை வெளியேற்றவேண்டும், பலர் செய்வதில்லை. அடுத்தது, சேஸிஸில் ஷாக் மாட்டும் பின் தேய்ந்திருப்பது. ஷாக் புதுசு, பின் பழசு, நடுவில் ஆட்டம். மூன்றாவது, நட்டுக்கு அடியில் குழிந்த வாஷர் ஒன்று காணாமல் போயிருப்பது. சரிபார்க்கச் சுலபமான வழி: ஷாக்கின் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றி, ஷாக்கை ஓரமாகக் கட்டிவைத்து, அதே ஹம்ப்பில் நடக்கும் வேகத்தில் ஒரே ஒரு தடவை ஏறி இறங்குங்கள். சத்தம் அப்படியே இருந்தால் ஷாக் குற்றவாளி இல்லை. உடனே மாட்டிவிடுங்கள். ஷாக் இல்லாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது.

அடியில் இருக்கும்போதே பட்டை தொங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். ஓவர்லோடு ஓடிய வண்டிகளில் சேஸிஸ் அங்கேதான் விரியும். விரிசலிலிருந்து துரு கண்ணீர்க் கோடு மாதிரி வழிந்திருக்கும். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் அது தளர்ந்திருக்கிறது. கண்டால் லோடு ஏற்றுவதை அன்றே நிறுத்துங்கள், சேஸிஸ் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். கண்ட இடத்தில் குறுக்காக வெல்டு வைத்தால் பக்கத்தில் மறுபடி விரியும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி டெர்மினல்களைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆல்டர்னேட்டரும் இசியூவும் (எஞ்சினின் கம்ப்யூட்டர்) போகலாம்.

கியர் போட்டுக் கிளப்பும்போதும், ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் டங் என்று ஒரே ஒரு அடி கேட்டால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் கிராஸை (மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டை) பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, கிராஸுக்கு இரண்டு பக்கமும் கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கப்பின் ஓரத்தில் செந்தூள் இருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது. ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் நேர்க்கோடு போடுங்கள். பல்லை மாற்றி மாட்டினால் புதிதாக ஒரு நடுக்கம் வந்து சேரும்.

முன்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சத்தம் பின்னால். ஓடும்போது வரும் கிலுகிலு பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால், பிரேக் பேடு அல்லது காலிபர் பின் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டு வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் மாடலைப் பொறுத்து பால் ஜாயின்ட் அல்லது கிங் பின். இடமும் வலமும் ஆட்டினால் வருவது டை ராடு எண்ட்.

இனி நியூட்ரல் கிலுகிலு. மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் கியர்பாக்ஸைத் தொடாமல் கால் மணி நேரத்தில் சோதித்துவிடலாம். முதலில் சைலன்சர். எஞ்சின் நன்றாக ஆறியபின், ரப்பர் சுத்தியால் பைப்பை முன்னிருந்து பின்வரை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். பைப்பின் சூட்டை மறைக்கும் வெப்பத் தகடு தளர்ந்திருந்தால் தகரடப்பா சத்தம் வரும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்து, உள்ளே கல் குலுங்குவது போல் கேட்டால் அதன் உள்பகுதி உடைந்திருக்கிறது. வெப்பத் தகட்டின் போல்ட் ஓட்டை துருவில் போயிருந்தால் பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினாலே போதும், வருஷக்கணக்கில் நிற்கும். பைப் தொங்கும் ரப்பர்களையும், கிராஸ் மெம்பரில் பைப் இடித்துப் பளபளத்த தடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தடம் இருந்தால் பைப்பை வளைக்காதீர்கள். எஞ்சின் மவுண்டிங் அமுங்கி எஞ்சினே கீழே இறங்கியிருக்கக்கூடும்.

அடுத்து கிளட்ச் மிதி. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஐடிலில் விடுங்கள். கால் எடுத்த நிலையில் கேளுங்கள். பிறகு மிதியில் ஃப்ரீ பிளே (எதிர்ப்பில்லாமல் போகும் முதல் கொஞ்ச தூரம்) தீரும்வரை மட்டும் மெல்ல அமுக்குங்கள். அப்போதுதான் சத்தம் ஆரம்பிக்கிறது என்றால் ரிலீஸ் பேரிங். கால் எடுத்தபோது இருந்த கிலுகிலு முழுவதும் மிதித்ததும் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட் சுழலும்போது வரும் சத்தம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. பெல்ட் பக்கமோ எஞ்சினோ சைலன்சரோதான்.

மிதித்ததும் நிற்கிறது என்ற பதில் வந்தால்கூட உடனே இறக்கவேண்டாம். நாலு சிலிண்டர் டீசல் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது. ஐடிலில் ஃப்ளைவீல் சீராகச் சுழலாமல் உந்தி உந்திச் சுழலும். கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள்தான் அந்த உதறலை வாங்கிக்கொள்கின்றன. அவை தளர்ந்தால் லோடு இல்லாத கியர் பற்கள் ஒன்றையொன்று முன்னும் பின்னும் தட்டும், அதுதான் அந்தக் கிலுகிலு. ஆனால் உதறலே அதிகமாக இருந்தால் நல்ல ஸ்பிரிங்கும் தோற்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டு ஐடிலை நூறு ஆர்பிஎம் மட்டும் கூட்டுங்கள். சத்தம் மறைந்தால் ஐடில் குறைவாக இருக்கிறதா, ஒரு இன்ஜெக்டர் சரியாக அடிக்கவில்லையா, மவுண்டிங் போய்விட்டதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை அளவுத் துளை வரைக்கும் சரிசெய்யுங்கள். வடித்த ஆயிலில் காந்தத்தைக் காட்டுங்கள். நைசான கறுப்புப் பசை ஒட்டினால் பயமில்லை. நகத்தில் நெருடும் துகள் ஒட்டினால் கியர்பாக்ஸே பேசுகிறது.

பெல்ட் பக்கம் சந்தேகம் என்றால் ஆறிய எஞ்சினில் வெளியே ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றி 20 வினாடி மட்டும் ஓட்டிக் கேட்கலாம். நின்ற இடத்தில் மட்டும். பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் இல்லாமல் வண்டியை நகர்த்தினால் பிரேக் கல்லாகிவிடும்.

எஞ்சினுக்கு உள்ளே என்றால் சத்தத்தின் குணமே வேறு. எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில் டிக்டிக் என்று சீராக வந்தால் டாப்பெட் (வால்வு) இடைவெளி. கனமாக, லோடில் கூடி, ஆயில் பிரஷரும் இறங்கினால் பிக் எண்ட் பேரிங். உடனே எஞ்சினை நிறுத்தி வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்ப்பது பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினுக்கான வழி. உங்கள் வண்டி காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) என்றால் அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே எடுக்கவேண்டி வரலாம்.

எல்லாச் சோதனையும் கிளட்ச்சையே காட்டினால் இறக்குங்கள். இறக்கியபின் பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கவேண்டாம். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் எல்லாம் ஒன்றாகப் போடுங்கள். ஃப்ளைவீலில் நீலத் திட்டோ விரிசலோ இருக்கிறதா, பின் ஆயில் சீல் கசிகிறதா என்று நீங்களே நேரில் பாருங்கள். கூலியில் பெரிய பங்கு இறக்கி ஏற்றுவதற்குத்தான் போகிறது.

நீங்கள் எழுதிய குறிகளை வைத்து நான் பந்தயம் கட்டுவதென்றால், ஹம்ப் சத்தத்துக்குப் பின் டோரும் ஷேக்கிள் புஷ்ஷும், நியூட்ரல் சத்தத்துக்கு வெப்பத் தகடு. புஷ் வாங்க, பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போகும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய புஷ்ஷையும் பின்னையும் கையோடு கொண்டுபோய், வெளிவிட்டமும் உள்விட்டமும் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். இத்தனை வருஷத்தில் யாராவது வேறு வண்டியின் ஷேக்கிளை மாட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ரப்பர் புஷ் என்றால் போல்ட்டை வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கவேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். யூ போல்ட்டைக் கழற்றினால் புது போல்ட், புது நட்டுதான். குறுக்குக் குறுக்காக, மூன்று நான்கு தவணையாக, உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் (இறுக்க விசை) அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். 500 கிலோமீட்டரில் மறுபடி டார்க் ரெஞ்சு வைக்கவேண்டும். ஓசூரிலிருந்து மார்க்கெட் போய்வர சுமார் 80 கிலோமீட்டர். திங்களன்று ஓட ஆரம்பித்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கணக்கு வந்துவிடும்.